இரக்கத்தின் வேலை, நீதியின் கூலி

கம்பத்திலோ, சின்னமனூரிலோ, போடிநாயக்கனூரிலோ பொழுது புலருமுன் எழுந்து கடைவீதிப் பக்கம் நடந்தால் ஒரு காட்சியைக் காணலாம். கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாக நின்றுகொண்டிருப்பர். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இடித்துப் பிடித்து ஏறியவர்களைச் சுமந்துகொண்டு அவை கம்பம் மெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், போடி மெட்டு வழியாகவும் மலையேறும். மாலையில் திரும்பும்போது அன்றைய கூலி அவர்கள் கையில் இருக்கும்.

இக்காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கே வராதவர்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன பெண் அந்த ஜீப்பில் ஏற முடியாது. ஏறினாலும் ஏலச்செடிகளுக்கிடையே வழுக்கும் சரிவில் நிற்க முடியாது. படுத்த படுக்கையாகிவிட்ட கணவனையோ, அறிவு வளர்ச்சி குன்றிய மகனையோ வீட்டில் வைத்திருப்பவள், அதிகாலையில் போய் அந்தியில் திரும்பும் வேலைக்கு வர இயலாது. இவர்களுக்கு ஊரைவிட்டு அகலாத வேலை ஒன்று தேவை. அத்தகைய வேலையை நம் மாநில அரசு கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு சிற்றூரிலும் வைத்திருக்கிறது. சத்துணவுக் கூடத்திலும் பால்வாடியிலும் உள்ள வேலையே அது. அவ்வேலை எவ்வாறு பிறந்தது, அதற்கு என்ன பெயர் சூட்டப்பட்டது, அப்பெயர் உழைத்தவர்களுக்கு என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரையில் சற்றே சிந்திப்போம்.

வேலை பிறந்த வரலாறு

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கியது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். மைய அரசு தன் பங்குக்கு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. நாடெங்கும் 33 ஒன்றியங்களில் சோதனை முறையில் தொடங்கிய அத்திட்டமே 'அங்கன்வாடி' என்ற சொல்லை நமக்குத் தந்தது.

இவ்வரலாற்றில் பழைய மதுரை மாவட்டத்துக்குத் தனி இடமுண்டு. தேனி மாவட்டம் 1996இல்தான் பிரிக்கப்பட்டது; அதற்கு முன் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டமாகவே இருந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ஆம் ஆண்டு தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது அம்மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியமே. மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து, அட்டையில் குறித்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, தாய்மாருக்கு அறிவுரை கூறுவது அத்திட்டத்தின் முறை. இதற்காக அந்தந்த ஊர்ப் பெண்களே அமர்த்தப்பட்டனர். ஏழையாயிருந்தும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தரப்பட்டது. வீட்டில் பிள்ளை வளர்த்ததே இவ்வேலைக்குரிய தகுதியாகக் கொள்ளப்பட்டது. இதை நாம் நினைவில் இருத்திக்கொள்வோம்.

1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சிற்றூர்களில் தொடங்கிய திட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. இதனால் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அவரவர் ஊரிலேயே வேலை கிடைத்தது. கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டோருக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இத்திட்டம் பெண்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு நம் பள்ளத்தாக்கின் அண்டை ஊரான ஆண்டிபட்டியே சான்று. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தார். ஆண்டிபட்டித் தொகுதிப் பக்கம் ஒரு நாள்கூட வராமலே அவர் வென்றார். அவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. எனினும் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும், தாலியறுத்த பெண்ணுக்கு ஒரு வேலையும் கொடுத்த அரசை ஏழைத் தாய்மார் மறக்கவில்லை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

மதிப்பூதியம் என்னும் சொல்

இவ்வளவு நன்மைகள் விளைந்த இடத்தில் குறை எங்கே இருக்கிறது? அது ஒரு சொல்லில் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுக்கப்பட்டது சம்பளமன்று, 'மதிப்பூதியம்'. சத்துணவுப் பணியாளருக்குக் கொடுக்கப்பட்டது 'தொகுப்பூதியம்'. பின்னாளில் 'சிறப்புக் காலமுறை ஊதியம்'. அரசு ஊழியரின் ஊதியம் என்ற ஒற்றைச் சொல் மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை. குழந்தைகள் 'டீச்சர்' என்றும் 'ஆயாம்மா' என்றும் அழைத்தனர்; ஊரார் 'கவர்மெண்டு வேலை' என்று சொல்லிக்கொண்டனர்; அரசின் ஏட்டில் மட்டும் அவர் பகுதிநேரத் தொண்டர்.

இதைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் டெல்லிப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ரஜனி பால்ரிவாலாவும், பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த நீதாவும் குறிப்பிடத்தக்கவர்கள். ஐக்கிய நாடுகளின் சமூக மேம்பாட்டு ஆய்வு நிறுவனத்துக்காக 2009இல் அவர்கள் எழுதிய ஆய்வு, வீட்டு வேலை செய்யும் பெண்களையும் அங்கன்வாடிப் பெண்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தது. பிள்ளையைப் பேணுவது பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்குத் திறமை வேண்டியதில்லை, அது வீட்டு வேலையின் நீட்சியே என்ற எண்ணம் அரசின் கொள்கையிலேயே படிந்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். உலகத்திலேயே பெரிய குழந்தை நலத் திட்டங்களுள் ஒன்றை நடத்தும் பெண்கள், தாமாக முன்வந்த தொண்டர்கள் என்றே கருதப்பட்டனர். 1980இல் தாய்மையே தகுதி என்று சொல்லி அழைத்த அரசு, தாய்மைக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்று பின்னர் கேட்பதுபோல் நடந்துகொண்டது.

தொகைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பள்ளி மதிய உணவைச் சமைப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மைய அரசு 2009இல் நெறி வகுத்தது; அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டுமே. அங்கன்வாடிப் பணியாளருக்கான மதிப்பூதியத்தை 2018 அக்டோபர் முதல் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தியது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுப்பதால் தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேலானதே. இருப்பினும் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணை பிறந்தபோது, முதல் ஓராண்டுக்கு அவர்களுக்கென்று குறிக்கப்பட்டது மாதம் 3,000 ரூபாய்த் தொகுப்பூதியம். முப்பது நாள்களால் வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய். சத்துணவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் சிறப்பு ஓய்வூதியமோ பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாயிலேயே நின்றது.

இயலாமையின் செலவு

இனி, முதலில் நாம் கண்ட பெண்ணிடம் திரும்புவோம். கால் ஊன்ற முடியாதவளுக்கும், கால் ஊன்ற முடியாதவனைத் தாங்குபவளுக்கும் இவ்வேலை ஏன் இவ்வளவு இன்றியமையாததாகிறது?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அறிஞர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் நம் சத்துணவுத் திட்டத்தைப் பற்றி 1991இல் ஒரு நூல் வெளியிட்டவர். பின்னர் அவரும் சூசன் எர்ப் என்பவரும் வட தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் மூன்றில் இயலாமையுடைய பெரியவர்களின் வாழ்வை ஆராய்ந்தனர். ஒருவரின் இயலாமைக்கு ஒரு குடும்பம் மூன்று வகையில் விலை கொடுக்கிறது என்பது அவர்கள் காட்டிய கணக்கு. மருத்துவத்துக்கும் பயணத்துக்கும் ஆகும் நேரடிச் செலவு முதலாவது. பேணுகிறவர் தம் வேலையை விடுவதால் ஏற்படும் இழப்பு இரண்டாவது. இயலாமையுடையவர் உழைத்து ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தின் இழப்பு மூன்றாவது. இந்த இரண்டாம் இழப்பு யார் தலையில் விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தாய், மனைவி, மகள், மருமகள் ஆகியோர் தலையில்தான். ஆக, இயலாமை ஆணுக்கு நேர்ந்தாலும் அதன் சுமை ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கிறது. பெண்ணுக்கே நேர்ந்தாலோ இரட்டைப் பளுவாகிறது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடிப் பேரை இயலாமையுடையோர் என்று கண்டது. தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 11.8 இலட்சம். நாடு முழுவதும் அவர்களுள் ஆண்களில் நூற்றுக்கு 47 பேர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். பெண்களில் நூற்றுக்கு 23 பேரே இருந்தனர். சட்டமும் இப்பெண்களைக் காலந்தாழ்த்தியே கண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியதே தவிர, பெண்களுக்கென்று தனிப் பிரிவு எதையும் அதில் காண முடியவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. ஏழாக இருந்த இயலாமை வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. பெண்களையும் குழந்தைகளையும் தனியே குறிப்பிட்டுப் பேசியது. நம் மாநில அரசும் 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை ஏற்றது.

இவையெல்லாம் நல்ல மாற்றங்களே. ஆனால் நான்கு விழுக்காடு என்பது அரசு அலுவலகத்தின் நிலையான பணியிடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படிப்பும் பயணமும் தேர்வும் வேண்டிய அவ்விடம், மலையடிவாரத்துச் சிற்றூரில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்ணுக்கு எட்டாக்கனி. அவளுக்கு எட்டுவது சத்துணவுக் கூடமே. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் மையம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்க்குச் சாதாரணமாகத் தோன்றும் அவ்விதி, ஊன்றுகோலோடு நடப்பவளுக்குப் பெரும் பேறு. கைம்பெண்ணுக்கு முன்னுரிமை, மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கீடு என்பனவும் அங்கே உண்டு. ஆகவே அவளது இயலாமையும் வறுமையுமே அவளை உள்ளே அழைத்துச் செல்லும் கதவாகின்றன. அதே கதவு உள்ளே சென்றபின் சுவராகிவிடுகிறது. 'ஆதரவற்றவர் என்பதற்காகத்தானே இந்த வேலை கொடுத்தோம், இன்னும் என்ன வேண்டும்?' என்ற எண்ணம் எழுகிறது. இரக்கத்தால் கொடுக்கப்பட்ட வேலை என்பதால் நீதியின் கூலியைக் கேட்க அவளுக்கு நாவெழுவதில்லை.

நிலையில்லா நாற்காலி

கூலி குறைவு ஒருபுறமிருக்க, நாளை இவ்வேலை இருக்குமா என்ற அச்சம் மறுபுறம். அரசு கொடுத்த வேலை எவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதை மக்கள் நலப் பணியாளர்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. 1989இல் ஊராட்சிக்கு இருவர் வீதம் அவர்கள் அமர்த்தப்பட்டனர். 1991இல் ஆட்சி மாறியது; நீக்கப்பட்டனர். 1997இல் மீண்டும் அழைக்கப்பட்டனர், 2001இல் நீக்கப்பட்டனர். 2006இல் மீண்டும் வந்தனர்; 2011 நவம்பரில் ஏறத்தாழ 13,500 பேர் ஒரே ஆணையால் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மூன்று முறை கொடுத்து மூன்று முறை பறித்த வேலை அது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2022இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் அவர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கும் அதே சொல்: மதிப்பூதியம்.

நீதிமன்றங்களின் போக்கும் ஒரே சீராக இல்லை. முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்டோர், பல்லாண்டு உழைத்தோம் என்பதற்காக நிரந்தரம் கோர உரிமையில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், அமீர்பீ வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. 2013இல் கூடிய 45ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டோடு நின்றது. இறுதியாக 2022 ஏப்ரல் 25 அன்று, குசராத்தைச் சேர்ந்த அங்கன்வாடிப் பெண்களின் வழக்கில், அவர்களுக்கு 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் செய்வது பகுதிநேரத் தொண்டு என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பெறுவது எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அது உழைப்புக்குரிய ஊதியமே என்று கொண்டது. ஒரு சொல்லின் திரையை விலக்க 1975இலிருந்து 47 ஆண்டுகள் ஆயின.

திராட்சைத் தோட்டத்தின் வாசலில்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குத் திராட்சைத் தோட்டம் என்பது விவிலியத்தில் மட்டும் படிக்கும் பொருளன்று. பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832இல் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் மக்கள், மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, தங்கள் வயல் வரப்பையே கண்முன் காண்பார்கள்.

அவ்வுவமையில் தோட்டக்காரர் மாலையில் மீண்டும் சந்தைவெளிக்குப் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அவர் முடிவு கட்டவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எவரும் தங்களை அமர்த்தவில்லை என்கிறார்கள். நாள் முழுவதும் வேலையாள் தேடியோர் கண்ணுக்கு இவர்கள் ஏன் படவில்லை? முதியவர்களோ, நோயுற்றவர்களோ, ஒரு கை இல்லாதவர்களோ என்று எண்ண இடமுண்டு. தோட்டக்காரர் அவர்களுக்கு வேலை கொடுத்ததோடு நிற்கவில்லை. மாலையில் ஒரு நாளுக்குரிய முழுக் கூலியையும் கொடுத்தார். ஒரு குடும்பம் ஒரு நாள் உண்ணத் தேவையான தெனாரியம் அது. அவரது இரக்கம் கூலியைக் குறைக்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். பதின்மூன்றாம் சிங்கராயரின் 'ரேரும் நோவாரும்' வெளிவந்த தொண்ணூறாம் ஆண்டு அது. அதில் இயலாமையுடையோரின் உழைப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. அவர்களும் முழு மனிதர்கள். அவரவர் ஆற்றலுக்கேற்ற வேலையும் அதற்குரிய நியாயமான ஊதியமும் அவர்களின் உரிமை என்று திருத்தந்தை கற்பித்தார். நேர்முக முதலாளி மட்டுமன்றி, சட்டத்தாலும் கொள்கையாலும் கூலியைத் தீர்மானிக்கும் அரசு போன்ற மறைமுக முதலாளிகளும் பொறுப்புடையவர்கள் என்றார். ஒரு சமுதாயம் நீதியானதா என்று காண அங்கே உழைப்புக்கு என்ன கூலி கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும் என்றும் சுட்டினார். மறைமுக முதலாளியே நேர்முக முதலாளியுமாக இருக்கும் இடத்தில் இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது.

அரசை மட்டும் குறைகூறி நாம் கையைக் கழுவிக்கொள்ள இயலாது. நம் நிறுவனங்களிலும் 'பாவம், ஆதரவற்றவள்' என்று சொல்லி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து, அந்தப் 'பாவம்' என்ற சொல்லாலேயே அவள் சம்பளத்தைக் குறைத்த நாள்கள் உண்டு என்பதை நாம் மனத்தாழ்ச்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சேவை என்ற பெயரால் வாங்கிய உழைப்புக்குக் கணக்கு எழுதாதிருந்தோம். அவளும் அதை அறமென்றே நம்பி, நமக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாளை காலையும் ஜீப்புகள் மலையேறும். அவை சென்றபின், வெயில் ஏறும் வேளையில், ஊன்றுகோலோடு ஒரு பெண் சத்துணவுக் கூடத்தின் பூட்டைத் திறப்பாள், உலை வைப்பாள், மணியடித்ததும் தட்டேந்தி வரும் பிள்ளைகளுக்கு அளந்து போடுவாள். அவள் உழைப்பில் ஊனமேதும் இல்லை. அவ்வுழைப்பை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம், மாதக் கடைசியில் அவள் கையில் என்ன வைக்கிறோம் என்பதே நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.